துண்டும் சனலும்: இலவச வைத்தியத்தின் நீண்ட வரிசை

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஏழு வயது இருக்கும். ஆச்சிக்குத் தொய்வு வருத்தம் கூடினால், விடிவதற்கு முன்னரே அம்மா என்னையும் எழுப்பிவிடுவார். கழுவிக் கவிழ்த்து வைத்த வெறும் போத்தல் ஒன்று என் கையில். அம்மாவின் சேலைத் தலைப்பில் முடிந்த 25 சதம். ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்னரே ஐம்பது பேர் குந்தியிருப்பார்கள். போத்தல் மிக்ஸருக்கு, 25 சதம் துண்டுக்கு.

அந்த 25 சதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இன்றைய இளைஞர் பலருக்கு அது தெரியாது.

வடக்கில் மேலைத்தேய வைத்தியம் அரசாங்கத்தின் கொடையாக வரவில்லை. 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு, தமிழிலேயே மாணவர்களுக்கு வைத்தியம் கற்பித்து, நூல்களையும் மொழிபெயர்த்தார். யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850 இல் ஒரு தரும வைத்தியசாலை எழுந்தது. 1907 இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. இன்று நாம் பெரியாஸ்பத்திரி என்று அழைக்கும் போதனா வைத்தியசாலை அதுவே. தருமம் உரிமையாக மாறுவதற்கு இன்னும் நெடுங்காலம் எடுத்தது.

அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியவை இரண்டு. ஒன்று 1931 இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை. மற்றையது 1934-35 மலேரியாப் பேரழிவு. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வாக்குக் கேட்டுக் கிராமத்துக்குப் போக வேண்டியவர்கள், அந்தக் கிராமத்தில் வைத்தியசாலை இல்லை என்பதை இனியும் மறைக்க முடியவில்லை. நாடெங்கும் சிறு வைத்தியசாலைகள் பெருகின. 1951 இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது.

இருபது ஆண்டுகளின் பின்னர், 1971 இல், வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்தது. தேநீர்க் காசுதானே என்று கொழும்பில் நினைத்திருக்கலாம். ஆனால், வெளிநோயாளர் வருகை உடனடியாகவே வீழ்ச்சியடைந்தது. எங்கள் ஒழுங்கையில் கூலி வேலை செய்த ஒருவரின் மனைவி, பிள்ளையின் காய்ச்சலை இரண்டு நாள் கொத்தமல்லிக் குடிநீரோடு வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அம்மாவிடம் கைமாற்றாக 25 சதம் வாங்கிச் சென்றது எனக்கு நினைவிருக்கிறது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. 1977 இல் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது.

அதே 1977 இல் இன்னொரு கதவும் திறந்தது. கடமை நேரம் முடிந்த பின்னர் அரச வைத்தியர்கள் தனியாக நோயாளரைப் பார்க்க மீண்டும் அனுமதி கிடைத்தது. ‘சனல் பண்ணுதல்’ என்ற சொல் நம் வீட்டுச் சொல்லானது இதன் பின்னரே.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தமக்கையை அரச வைத்தியசாலை ஒன்றின் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். காலை ஆறு மணிக்கு நம்பர் எடுத்தோம். வைத்தியரைக் கண்டபோது நண்பகல் கடந்திருந்தது. அவர் பேசியது மூன்று நிமிடம். கேட்க நினைத்த எதையும் அக்கா கேட்கவில்லை. மறுவாரம் அதே வைத்தியரைச் சனல் பண்ணினோம். அங்கேயும் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம் என்பது வேறு கதை. ஆனால் அவர் கதிரையில் இருத்திப் பேசினார், கொப்பியைப் புரட்டிப் பார்த்தார், சிரித்தார். மனிதர் ஒருவரே. காலையில் அவர் முன்னால் இருநூறு பேர், மாலையில் இருபது பேர்.

என்றாலும் கதை அத்துடன் முடியவில்லை. அக்காவுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டபோது தனியார் வைத்தியசாலை சொன்ன தொகை எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. முடிவில் அதே அரச வைத்தியசாலையிலேயே அது நடந்தது. ஒரு சதமும் கேட்கப்படவில்லை. இன்று அவர் பேரப்பிள்ளையோடு கோயிலுக்கு நடந்து போகிறார். இலவச வைத்தியத்தைத் திட்டுபவரும் போற்றுபவரும் சில வேளைகளில் ஒரே நோயாளிதான்.

புலம்பெயர்ந்த நண்பர்கள் இதைப் படித்து, ‘இங்கே மட்டும் என்ன வாழ்கிறது’ என்பார்கள். உண்மைதான். 1948 இல் தொடங்கிய பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையும் இலவசமே. அங்கே குடும்ப வைத்தியரின் கடிதமின்றிப் பெரும்பாலும் நிபுணரைக் காண முடியாது. 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற அவர்களின் இலக்கு 2016 இற்குப் பின்னர் ஆண்டுக்கணக்கில் எட்டப்படவில்லை. அங்கே வரிசை கடதாசியில் இருக்கிறது. வீட்டில் இருந்தபடி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நம் நாட்டிலோ எவரும் எந்த ஆஸ்பத்திரிக்கும் நேரே போகலாம். ஆகவே கிராமத்துச் சிற்றாஸ்பத்திரியைத் தாண்டி எல்லோரும் பெரியாஸ்பத்திரிக்கே போகிறோம். வரிசை வாங்கில்களில் தெரிகிறது.

போர்க்காலத்தில், மருந்துத் தடையின் நடுவிலும், செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் யாழ். போதனா வைத்தியசாலை இயங்கிய நாட்களில் எவரும் வரிசையைப் பற்றிக் குறை சொன்னதில்லை. கதவு திறந்திருந்ததே பெரிதாக இருந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தீர்ந்து, சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போனபோது, வரிசையின் முடிவில் வெறுங்கை காத்திருக்கவும் கூடும் என்பதை மீண்டும் கண்டோம்.

காத்திருப்பும் ஒரு கட்டணந்தான். மாதச் சம்பளக்காரன் லீவு போட்டுவிட்டு வந்து அதைச் செலுத்துகிறான். அன்றாடங்காய்ச்சி அன்றைய கூலியை இழந்து செலுத்துகிறான். 1977 இல் நீக்கப்பட்ட 25 சதத்தை, ஒரு நாட்கூலியாகப் பெருக்கி ஏழையிடம் இன்றும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். கிராமத்து வைத்தியசாலைக்கு வைத்தியரும் மருந்தும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அந்தக் கூலியில் பெரும்பகுதி மிஞ்சும்.

அம்மா இப்போது இல்லை. அந்தப் போத்தல் மட்டும் நெடுங்காலம் அடுக்களைத் தட்டில் கிடந்தது.