மாட்டுப் பண்ணைக்காரியும் மகாதேசாதிபதியும்

தெமட்டகொடையில மாடு என்றால் ஆக்களுக்கு மாநகர சபையின் மடுவம்தான் ஞாபகத்துக்கு வரும். மாடு வளர்க்கிற ஒரு பெண் மகாராணியின் பிரதிநிதியாகி ஓர் அரசாங்கத்தை மாற்றினார் என்று சொன்னால் இங்க சிரிப்பார்கள். கனடாவில் அது நடந்தது. அந்தக் கதையை வாசிக்கும்போது எங்களுக்கு 1960ஆம் ஆண்டு கொழும்புதான் நினைவுக்கு வந்தது.

ஜூடித் கீஷோன், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நிக்கோலா பள்ளத்தாக்கில் மாட்டுப் பண்ணை நடத்தியவர். மாகாண மாடு வளர்ப்போர் சங்கத்தின் தலைவியாகவும் இருந்தார். மேய்ச்சல் நிலத்தை எப்படிக் காப்பாற்றுறது என்பதுதான் அவருடைய அக்கறை. கட்சி அரசியல் இல்லை. 2012 நவம்பரில் அவரைத் துணை ஆளுநர் ஆக்கினார்கள். சட்டங்களுக்கு ஒப்பமிடுறது, அரசாங்கம் எழுதிக் கொடுக்கிற சிம்மாசனப் பிரசங்கத்தை வாசிக்கிறது, விருது கொடுக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் அலங்காரப் பதவி.

2017 மே தேர்தலில் 87 ஆசனங்களில் லிபரல் கட்சிக்கு 43, புதிய ஜனநாயகக் கட்சிக்கு 41, பசுமைக் கட்சிக்கு 3. ஜூன் 29ஆம் திகதி, லிபரல் முதல்வர் கிறிஸ்டி கிளார்க்கின் அரசாங்கம் 44க்கு 42 என்று தோற்றது. கிளார்க் நேரே கீஷோனிடம் போய், சபையைக் கலைத்து இன்னொரு தேர்தல் வையுங்கள் என்று கேட்டார். முதல்வரின் ஆலோசனைப்படி நடக்கிறதுதான் வழக்கம். கீஷோன் மறுத்தார். பசுமைக் கட்சியின் ஆதரவு கையில் இருந்த ஜோன் ஹோர்கனை அழைத்து அரசாங்கம் அமைக்கச் சொன்னார். ஒரேயொரு ஆசன வித்தியாசத்தில் அது நிலைக்குமா என்று கேட்டவர்கள் பலர். மூன்று வருசத்துக்கு மேல் நிலைத்தது.

இப்ப எங்கட கதை. 1960 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15. டட்லி சேனநாயக்க பிரதமரானார். ஏப்ரலில் சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பிலேயே விழுந்தார். அவரும் கலைக்கத்தான் கேட்டார். மாற்று அரசாங்கத்துக்கு ஆள் இல்லாமல் இல்லை: சி. பி. டி சில்வா இருந்தார், செல்வநாயகத்தின் கட்சி அவரை ஆதரிக்கத் தயாராக இருந்தது. மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க கலைத்துவிட்டார்.

சட்டப்படி அது பிழை என்று நாங்கள் வாதாட வரவில்லை. அந்த நாற்காலிக்கு இரண்டு பதிலும் சொல்லலாம். ஆனால் தமிழ்க் கட்சியின் வாக்கில் தங்கியிருக்கிற ஓர் அரசாங்கம் அந்த ஏப்ரலில் அமைந்திருக்கலாம். அதற்கான கதவு அந்த ஓர் ஒப்பத்தோடு மூடுப்பட்டது. ஜூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களோடு வந்தது; சிறிமாவோ பிரதமரானார், தமிழரசுக் கட்சியின் 16 பேர் அவருக்குத் தேவைப்படவில்லை. 1961 ஜனவரியில் தனிச் சிங்களச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகிகள் குந்தியிருந்தார்கள்.