பொறியும் பல விடைகளும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியாகச் சிறிது தொலைவு சென்றால் திருநெல்வேலியை அடையலாம். பொருநை பாயும் தமிழகத்துத் திருநெல்வேலியன்று; ஆறெதுவும் இன்றிக் கிணற்று நீரையே நம்பி வாழும் செம்மண் ஊர். ஊரவர் வாயில் அது தின்னவேலி. அவ்வூர்ச் சந்தையில் வாழைக்குலைக்கு விலை பேசும் பழகிய வியாபாரியைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். குலையை ஒருமுறை தூக்கிச் சுழற்றிப் பார்த்த அளவிலே அதன் நிறை இவ்வளவு, பழுக்க இத்தனை நாள், பெறத்தக்க விலை இது என மூன்றையும் அவர் சொல்லிவிடுவார். மூன்றுக்கும் மூன்று முறை பார்ப்பதில்லை. காயின் பருமன், தண்டின் தடிப்பு, தோலின் நிறம் ஆகிய அதே அடையாளங்களிலிருந்து மூன்று விடைகளும் பிறக்கின்றன. அன்றியும் அவை ஒன்றோடொன்று உறவுடையன. நிறை கூடினால் விலை கூடும்; நாள் குறைந்தாலோ விலை இறங்கக்கூடும்.

வியாபாரி கண்ணால் செய்யும் இந்தக் காரியத்தை எண்ணால் செய்ய முடியுமா என்பதே, புள்ளிவிபரவியலார் நூறாண்டுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்வி. அக்கேள்வியின் வரலாற்றில் இந்தியாவுக்குச் சிறந்த இடமுண்டு. திருநெல்வேலிக்கும் ஒரு சிறு பங்குண்டு.

1920ஆம் ஆண்டு நாகபுரியிற் கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டில், கல்கத்தாவில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்த பிரசாந்த சந்திர மகலனோபிசு என்பார், விலங்கியல் ஆய்வகத்தின் தலைவரான நெல்சன் அன்னண்டேலைச் சந்தித்தார். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியரின் உடலளவைகள் அன்னண்டேலிடம் குவிந்து கிடந்தன. அவற்றை ஆராயும் வேலை மகலனோபிசின் கைக்கு வந்தது. தலையின் நீளமும் அகலமும் தனித்தனிச் செய்திகள் அல்ல. நீளம் மிகுந்தவருக்கு அகலமும் பெரும்பாலும் மிகுந்தே இருக்கும். ஆகவே இரண்டையும் வெறுமனே கூட்டினால் ஒரே செய்தியை இருமுறை எண்ணியதாகும். இவ்வுறவைக் கழித்து, இரு கூட்டத்தாரிடையே உள்ள தூரத்தை அளக்கும் முறையொன்றை அவர் வகுத்தார். 1936இல் வெளிவந்த கட்டுரையில் அது முழு வடிவம் பெற்றது. இன்றும் உலகெங்கும் மகலனோபிசு தூரம் என்றே அதனை வழங்குகின்றனர்.

அதே 1936இல், இங்கிலாந்தில் றொனால்ட் பிசர் ஐரிசு என்னும் மலரினத்தை எடுத்துக்கொண்டார். மூன்று வகை மலர்கள், வகைக்கு ஐம்பது, ஒவ்வொன்றிலும் நான்கு அளவைகள். இவற்றைத் திரட்டியவர் எட்கர் அன்டர்சன் என்ற தாவரவியலார். நான்கு அளவைகளையும் தக்க விகிதத்திற் கலந்து ஒரே எண்ணாக்கினால், அவ்வெண் வகைகளைப் பிரித்துக்காட்டும் என்பதைப் பிசர் நிறுவினார். கட்டுரை வெளிவந்த ஏட்டின் பெயரோ மனித இனத்தைத் தரம்பிரித்து மேம்படுத்துவதாகச் சொல்லிக்கொண்ட இயலின் பெயர். மலரைப் பிரிப்பதற்கும் மனிதரைப் பிரிப்பதற்கும் கணிதம் ஒன்றே, விளைவு ஒன்றல்ல. இத்துறையின் பிறப்பிலேயே படிந்த இந்நிழலை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

மகலனோபிசு 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தில் 1941இற் சேர்ந்த இளைஞர் சி. ஆர். ராவ். 1946இல் அவர் கேம்பிரிட்ச் சென்று, சூடானிலுள்ள ஜெபெல் மோயாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய எலும்புகளின் அளவைகளை ஆராய்ந்தார். இரு கூட்டங்களைப் பிரிக்கும் பிசரின் முறையைப் பல கூட்டங்களுக்கு விரித்து 1948இல் அவர் அளித்த கட்டுரை, பல விடைகளுள் ஒன்றைத் தெரியும் கலைக்கு உறுதியான அடித்தளமாயிற்று. ராவ் 2023ஆம் ஆண்டு, நூற்றிரண்டு வயது நிறைந்து, காலமானார்.

பிசரும் ராவும் கூட்டத்தின் சராசரியையும் பரம்பலையும் நோக்கினர். கூட்டத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் தீர்ப்பில் ஒரு பங்கு இருந்தது. மொஸ்கோவில் 1960களில் வேறொரு சிந்தனை தோன்றியது. கட்டுப்பாட்டு விஞ்ஞான நிறுவனத்தில் பணியாற்றிய விளாடிமிர் வப்னிக், அலெக்சி செர்வோனென்கிசு என்ற இருவரும், நடுவில் நிற்போரை விட்டு எல்லையில் நிற்போரை மட்டும் பார்த்தனர்.

இதனை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்குவது எளிது. இரண்டு காணிகளுக்கிடையே ஒரு ஒழுங்கை வெட்டவேண்டும். இருபுறத்து மரங்களையும் தொடாமல் எத்தனையோ வகையாக வெட்டலாம். அவற்றுள் மிக அகலமான ஒழுங்கை ஒன்றே. அதன் இருபக்க வேலியையும் முடிவுசெய்வன, ஓரத்தில் நிற்கும் இரண்டு மூன்று மரங்கள்தாம். காணியின் உள்ளே நிற்கும் நூறு மரங்களைத் தறித்தாலும் ஒழுங்கை அசையாது. ஓரத்து மரமொன்றைத் தறித்தால் ஒழுங்கையே மாறிவிடும். வேலியைத் தாங்கும் கதியால் போன்ற இவ்வோரப் புள்ளிகளுக்கே தாங்கு காவிகள் என்று பெயர். இலங்கைப் பாடநூல்களிற் காவி என்பது தமிழகத்திற் திசையன் எனப்படும். இரு கரையினரும் ஒரு சொல்லில் உடன்பட்டால் மாணவருக்கு நன்மை. ஆங்கிலேயர் இம்முறையைச் சப்போட் வெக்ரர் மெசின் என்பர். பொறி என்று பெயர் பெற்றதேயன்றி இதில் இரும்பும் இல்லை, சக்கரமும் இல்லை. இது ஒரு கணக்கு முறை.

வேலி எப்போதும் நேராகச் செல்லுமா? நடுவில் ஒரு தோப்பும் அதனைச் சுற்றி வேறொரு தோப்பும் இருந்தால் எந்த நேர்கோடும் அவற்றைப் பிரிக்காது. ஆயினும் நடுத்தோப்பை ஒரு மேட்டின் மீது உயர்த்தி வைத்ததாகக் கற்பனை செய்தால், இடையே ஒரு தட்டையான பலகையைச் செருகிவிடலாம். இவ்வாறு உயர்த்தும் வழியை 1964இல் ஐசர்மன் முதலிய சோவியத் அறிஞர் காட்டியிருந்தனர். வப்னிக் 1990இல் அமெரிக்கா சென்று பெல் ஆய்வுகூடத்தில் அமர்ந்தபின், போசர், இசபெல் குயோன் ஆகியோருடன் 1992இல் இரண்டையும் இணைத்தார். 1995இல் கொறினா கோட்டசுடன் எழுதிய கட்டுரையில், சில மரங்கள் ஒழுங்கைக்குள் நின்றாலும் அதற்கேற்ற தண்டத்தோடு பொறுத்துக்கொள்ளும் வழியும் சொல்லப்பட்டது. செர்வோனென்கிசு மொஸ்கோவிலேயே வாழ்ந்தார். 2014இல் நகரின் ஓரத்துக் காட்டுப் பூங்காவில் உலாவச் சென்று வழிதவறி இறந்தார் என்பது துயரச் செய்தி.

ஒழுங்கை இரண்டு காணிகளையே பிரிக்கும். உலகத்துக் கேள்விகளோ ஆம், இல்லை என்ற இரண்டோடு அடங்குவதில்லை. கடித உறையில் கையால் எழுதிய இலக்கத்தை வாசிக்கவேண்டுமாயின் விடை பத்தில் ஒன்று. 1995ஆம் ஆண்டுக் கட்டுரையினர் இலக்கத்துக்கு ஒன்றாகப் பத்துப் பொறிகளை அமைத்தனர். இரண்டிரண்டாக மோதவிட்டுப் பார்ப்பது மற்றொரு வழி. அதற்கு நாற்பத்தைந்து பொறிகள் வேண்டும்.

இங்கேதான் திருநெல்வேலி வருகிறது. 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவ்வூரில் நிறுவிய பரமேசுவரக் கல்லூரியின் வளவில், 1974இல் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. 1979 முதல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். அங்கே கணினி விஞ்ஞானம் கற்பிக்கும் அ. இரமணன், இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்த காலத்தில், பேராசிரியர் மகேசன் நிரஞ்சனோடும் மற்றொருவரோடும் எழுதிய கட்டுரை 2007இல் இலங்கையில் நடந்த சருவதேச மாநாடொன்றில் வெளிவந்தது. பல வகைகளைப் பிரிப்பதற்கு ஒருபக்கம் சாய்ந்த தீர்மான மரம் ஒன்றை அது முன்வைத்தது. எல்லாவற்றிலும் எளிதாகப் பிரியும் வகையை முதலில் விலக்குவது, எஞ்சியவற்றுள் எளிதானதை அடுத்து விலக்குவது என்பது அதன் வழி. பத்து வகைக்கு ஒன்பது பொறிகள் போதும். நல்லூழ் இருந்தால் முதற் கேள்வியிலேயே விடை கிடைக்கும். திறமையான ஆசிரியர் வினாத்தாள் திருத்துகையில், ஐயத்துக்கிடமற்ற தாள்களை முதலில் ஒதுக்கிவிட்டு இடர்ப்பாடானவற்றைக் கடைசிக்கு வைப்பதை இது ஒக்கும்.

இதுவரை சொல்லியது பலவற்றுள் ஒன்றைத் தெரிதல். சந்தை வியாபாரி சொன்னதோ மூன்று எண்கள். அவை ஒருங்கே வேண்டும். எண்ணை எதிர்வுகூறும் பொறி 1996இல் வந்தது. அதில் ஒழுங்கை புள்ளிகளைப் பிரிப்பதில்லை. புள்ளிகளைத் தன்னுள்ளே அடக்கிச் செல்கிறது. ஒழுங்கைக்குள் அகப்பட்ட சிறு பிழைகளுக்குத் தண்டமில்லை. ஆயினும் அப்பொறி ஒரு விடையையே தரும். மூன்று விடை வேண்டின் மூன்று பொறிகளை வைக்கலாமே என்று பலர் நினைத்தனர். அது முற்றிலும் பிழையன்று. பழைய மிகச்சிறு வர்க்க முறையில், ஒரே அளவைகளைக் கொண்டு பல விடைகளைத் தனித்தனியே கணித்தாலும் சேர்த்துக் கணித்தாலும் பெறும் எண்கள் ஒன்றேயாம். 1962இல் செல்னர் எழுதிய கட்டுரையிலும் இவ்வுண்மை காணப்படும். புதிய பொறியில் நிலைமை வேறு. அதனைத் திருநெல்வேலிக் கிணறு ஒன்றைக் கொண்டே காணலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புக் கற்பாறையின் இடுக்குகளில் உவர்நீரின் மேல் மிதக்கிறது. தோட்டத்துக்கு இடும் பசளையிலிருந்தும் மலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று அதில் இறங்குகிறது; மிகுதியாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறுகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று, புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைக்கு உடல் நீலம்பாரிக்கும் நோயைத் தரலாம் என்பதனால் உலக சுகாதார நிறுவனம் அதனை வரம்பாக வைத்துள்ளது. கிணற்றின் ஆழம், கடலிலிருந்து தூரம், சுற்றியுள்ள பயிர், பருவம் ஆகியவற்றைக் கொண்டு நைத்திரேற்றையும் குளோரைட்டையும் முன்கூட்டிச் சொல்ல விரும்புகிறோம் என்க. இரண்டு பொறிகளைத் தனித்தனியே வைத்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சிறு பிழையை மன்னிக்கும். இரண்டும் தத்தம் எல்லையின் விளிம்புவரை பிழைத்த கிணறு, இரண்டினாலும் மன்னிக்கப்பட்டுத் தப்பிவிடும். குடிப்பவருக்கோ அது இரட்டைப் பிழை.

இக்குறையை நீக்கும் முறையை இசுப்பானிய அறிஞர் பேரேசு குரூசும் கூட்டாளிகளும் 2002இல் வெளியிட்டனர். விடைக்கொரு ஒழுங்கை என்பதை விட்டு, எல்லா விடைகளின் பிழைகளையும் சேர்த்து ஒரே தூரமாக அளந்தனர். மன்னிக்கும் எல்லை சதுரமாக இருந்தது வட்டமாயிற்று. சதுரத்தின் மூலைகளில் ஒளிந்த கிணறுகள் வெளியே வந்தன. அன்றியும், எல்லையைத் தாங்கும் கிணறுகள் எல்லா விடைகளுக்கும் பொதுவாயின. குளோரைட்டுக் கணக்கில் தெளிவாகத் தெரியாத ஒரு கிணற்றின் இயல்பு நைத்திரேற்றுக் கணக்கின் வழியாக வெளிப்பட இதில் இடமுண்டு. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. குளோரைட்டு நூற்றுக்கணக்கிலும் நைத்திரேற்று பத்துக்கணக்கிலும் வருமாயின், முதலில் இரண்டையும் ஒத்த அளவுகோலுக்குக் கொணரவேண்டும். அன்றேல் பெரிய எண் சிறியதை விழுங்கிவிடும். 

அடுத்து எக்கிணற்றில் நீர் எடுத்துச் சோதிக்கலாம் என்பதற்கும், கிணறுகளை நல்லது, கெட்டது என இரண்டாகப் பிரிக்கும் பொறியிலே ஒரு குறிப்புக் கிடைக்கிறது. வேலியைத் தாங்கும் கதியால்கள் எல்லையில் நிற்பவையே. ஆதலால் நைத்திரேற்று மிக உயர்ந்த கிணற்றையும் மிகத் தாழ்ந்ததையும் மீண்டும் மீண்டும் அளப்பதைவிட, நல்லதா கெட்டதா என்று ஐயுறத்தக்க கிணறுகளிலே வாளியை இறக்குவது கணக்குக்கு அதிகம் உதவும். அக்கிணறுகளுக்குப் பக்கத்து வீடுகளிலேதான் தாய்மார் குழந்தைக்குப் பால் கரைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.