ரேடாரில் பார்த்துக்கொண்டே மோதிய கப்பல்கள்

சின்ன உல்லாசப் படகுக்கு ரேடார் வாங்குறவங்க 1956 ஜூலை 25 இரவைப் பற்றிக் கொஞ்சம் படிக்கணும். நியூயார்க் நோக்கி வந்த இத்தாலியக் கப்பல் ஆண்ட்ரியா டோரியாவும், அங்கிருந்து கிளம்பிய ஸ்வீடன் கப்பல் ஸ்டாக்ஹோமும் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே மோதின. 51 பேர் இறந்தார்கள். இரண்டிலும் ரேடார் வேலை செய்தது. இரண்டுமே மற்றதைப் பல மைல் முன்னாலேயே பார்த்துவிட்டன!

டோரியாவில் புள்ளியைப் பார்த்தாங்களே தவிர, காகிதத்தில் குறித்துக் கணக்குப் போடவில்லை. எதிர்க்கப்பல் தங்கள் வலப்பக்கமாகக் கடக்கும்னு நம்பி இடப்பக்கம் திருப்பினார்கள். ஸ்டாக்ஹோமில் இருந்தவர்களோ டோரியா தங்கள் இடப்பக்கம் வருவதாக எண்ணி வலப்பக்கம் திருப்பினார்கள்.

சிக்கல் திரையிலேயே இருக்கு. நடுவில் அசையாமல் தெரியும் நம் படகும் ஓடிக்கொண்டுதான் இருக்கு. அதனால் புள்ளி நகரும் திசை எதிரே வருபவர் போகும் திசை அல்ல.

1972-இன் மோதல் தவிர்ப்பு விதிகள், அரைகுறை ரேடார் தகவலை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்கின்றன. சிறுபடகுக்கும் இது பொருந்தும். அங்கே தகவல் இன்னும் அரைகுறை: சின்ன ஆன்டெனாவின் கதிர் 5 பாகை அகலம் என்றால், 3 கடல் மைலில் அது அரை கிலோமீட்டர். பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு படகு ஒரே புள்ளியாத் தெரியும்.

அதனால் புள்ளி மேல் திசைக்கோட்டை வச்சு, படகை நேராகச் செலுத்திக்கொண்டே சில நிமிஷம் பாருங்க. கோட்டை விட்டு விலகாமல் நெருங்கி வந்தால், அது நம்மை மோதத்தான் வருது.