சிறையில் நோயுற்றவரைப் பார்ப்பது யார் பொறுப்பு?



இறுதித் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது ஆண்டவர் இயேசு நோயுற்றோரையும் சிறையில் இருப்போரையும் அடுத்தடுத்துக் குறிப்பிடுகிறார் (மத்தேயு 25). சிறையில் இருப்பவரே நோயாளியாகவும் இருந்தால் அவரைக் கவனிப்பது யார்? ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் உழைக்கும் நம் குடும்பங்களுக்கு இது தூரத்துக் கேள்வி அல்ல. வேலூர் தொரப்பாடியில் உள்ள மத்திய சிறையில் நம் ஊர்ப் பிள்ளைகளும் அடைக்கப்படுகிறார்கள். சிறை மருத்துவம், போதைப் பழக்கம், வெறுப்புக் குற்றங்கள் ஆகிய மூன்றிலும் சட்டம் சொல்வதையும், நாடாளுமன்றம் அதைக் கண்காணிக்கும் முறையையும் நாம் அறிந்திருப்பது நல்லது.

நாடாளுமன்றம் எப்படிக் கண்காணிக்கிறது?

அரசியலமைப்புச் சட்டத்தின்படி சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை. எனவே வேலூர் சிறையை நடத்துவது தமிழக அரசுதான். ஆனாலும் நாடு முழுவதற்குமான நிலையை நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் ஆராயலாம். துறைவாரியான இக்குழுக்கள் 1993-ல் தொடங்கின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேருமாக 31 உறுப்பினர்கள். உள்துறை நிலைக்குழு சிறைகளின் நிலை, கட்டமைப்பு, சீர்திருத்தம் பற்றிய தன் 245-வது அறிக்கையை 2023 செப்டம்பரில் அளித்தது. இட நெருக்கடியையும், விசாரணைக் கைதிகளே பெரும்பான்மையாக இருப்பதையும் அது சுட்டிக்காட்டியது. குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் அரசு அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சிறை மருத்துவம்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 4,36,266 பேருக்கு இடமுள்ள இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பேர், தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அந்த ஓராண்டில் சிறைகளில் 1,995 பேர் இறந்தனர். இவற்றில் 1,773 மரணங்கள் 'இயற்கை மரணம்' என்று பதிவாகின. நோயால் இறந்தவர்களும் இதில்தான் அடங்குவர். நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை 'இயற்கை' என்ற சொல் நமக்குச் சொல்வதில்லை.

சட்டத்தில் குறை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இருக்கும் சட்டமே பல உரிமைகளைத் தருகிறது. 1894-ம் ஆண்டின் சிறைச் சட்டமே ஒவ்வொரு சிறையிலும் நோயாளிகளுக்கு மருத்துவமனை அல்லது தனி இடம் வேண்டும் என்கிறது. மருத்துவரைப் பார்க்க விரும்பும் கைதியின் பெயரைப் பொறுப்பிலுள்ள காவலர் தாமதமின்றி மேலே தெரிவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 1996-ல் ராமமூர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளின் ஒன்பது பெரும் பிரச்சினைகளை எடுத்துக்காட்டியது. உடல்நலத்தையும் சுகாதாரத்தையும் புறக்கணிப்பது அவற்றில் ஒன்று. 2015-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், வெளியே உள்ள மக்களுக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் கைதிக்கும் கிடைக்க வேண்டும் என்கின்றன. இங்கிலாந்தில் 2006-க்குள் சிறை மருத்துவப் பொறுப்பு சிறைத்துறையிடமிருந்து பொதுச் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. பூட்டுகிறவரும் மருந்து கொடுக்கிறவரும் ஒரே துறையாக இருக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

இந்தியத் திருச்சபை இதை மிக அருகில் கண்டது அருள்தந்தை ஸ்டேன் சுவாமியின் வாழ்வில்தான். திருச்சிப் பகுதியில் 1937-ல் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே பணியாற்றிய இயேசு சபைக் குரு அவர். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைது செய்யப்பட்டு, மும்பைக்கு அருகே தலோஜா சிறையில் அடைக்கப்பட்டார். நடுக்குவாத நோயால் டம்ளரைக் கையில் பிடிக்க இயலாத அவர், உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. பல மாதங்களுக்குப் பின் மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட அவர், பிணை மனு நிலுவையில் இருந்தபோதே 2021 ஜூலை 5 அன்று 84-ம் வயதில் இறந்தார். வழக்கு விசாரணையே தொடங்கவில்லை. நாடறிந்த ஒரு குருவுக்கே இந்த நிலை என்றால், கேட்பாரற்ற கூலித் தொழிலாளிக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

காவல் நிலையத்திலேயே இந்தக் கவனம் தொடங்க வேண்டும். கைதானவரை உடனே மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. நம் ஆம்பூர் இதை மறக்க முடியாது. 2015 ஜூனில், விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஓர் இளைஞர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார். காவலர்கள் தாக்கியதே காரணம் என்று குற்றச்சாட்டு எழுந்தது. ஜூன் 27 இரவு ஊரில் வன்முறை மூண்டு காவலரும் பொதுமக்களும் காயமடைந்தனர்.

போதைப் பழக்கம்: நோயா, குற்றமா?

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அளவை வைத்துத் தண்டனையைப் பிரிக்கிறது. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவானது சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. வணிக அளவு வழக்குகளில் பிணை கிடைப்பது மிகக் கடினம். ஆனால் இதே சட்டத்தின் 64-அ பிரிவு பலருக்குத் தெரிவதில்லை. பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் போதைப்பொருள் உட்கொண்டதற்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் சிக்கி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து முழுச் சிகிச்சை பெற்றால், அவர்மீது வழக்கு தொடர்வதிலிருந்து விலக்கு உண்டு. அடிமையானவரை நோயாளி என்று சட்டமே ஏற்கிறது.

2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு ஒன்றை நம் பகுதிப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பசை, தின்னர் போன்றவற்றை முகர்ந்து போதை ஏற்றும் பழக்கம் பெரியவர்களைவிட 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் அதிகம் என்று அது கண்டது: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, பிள்ளைகளில் 1.17 விழுக்காடு. ஷூ ஒட்டும் பசை எளிதில் கிடைக்கும் ஊர் நம் ஊர்.

இன்னொன்று. தினமும் மிகுதியாகக் குடிப்பவர் கைதாகித் திடீரென்று மது நின்றால், சில நாள்களுக்குள் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே அவருடைய பழக்கத்தையும், சாப்பிட்டுவரும் மருந்துகளையும் குடும்பத்தார் மறைக்காமல் காவல் நிலையத்திலும் சிறை மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். வெட்கத்தைவிட உயிர் பெரிது.

வெறுப்புக் குற்றங்கள்

இந்தியாவில் 'வெறுப்புக் குற்றம்' என்ற பெயரில் தனிச் சட்டம் கிடையாது. நமக்கு அருகில் இருப்பது 1989-ம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015-ல் அது வலுப்படுத்தப்பட்டபோது, மசோதா முதலில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்றது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இச்சட்டத்தைத் தளர்த்தியது. அதே ஆண்டு நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து பழைய வலுவை மீட்டது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது.

இதில் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பெரும் வேதனை உண்டு. 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. ஒரே தெருவில் ஒரே சாதிவெறிக்கு இருவர் அடிபட்டாலும், ஞானஸ்நானம் பெற்றவருக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு மறுக்கப்படுகிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மத வரம்பை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-ல் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. பழங்குடியினருக்கு இந்த மத வரம்பு இல்லை. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் கிறிஸ்தவராக இருந்தாலும் அவர்களுக்கு இச்சட்டம் துணை நிற்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி இனம், சாதி, சமூகம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணங்களுக்காகக் கொலை செய்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்கிறது. 'மதம்' என்ற சொல் அப்பட்டியலில் தனியாக இல்லை. சிறைக்குள்ளும் சாதி இருந்தது. கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வேலை தரும் சிறை விதிகளை 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அவ்வழக்கில் பாளையங்கோட்டைச் சிறையின் நிலையும் பேசப்பட்டது.

நாம் செய்யக்கூடியவை

சிறையில் உள்ள எவருக்கும், வருமானம் எதுவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு: தொலைபேசி 15100. பிணைத்தொகை கட்ட இயலாத ஏழை விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட இயலாத ஏழைத் தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் தர மத்திய அரசு 2023-ல் ஒரு திட்டம் வகுத்தது. போதை மீட்புக்கு 14446, வன்கொடுமைப் புகாருக்கு 14566 ஆகிய எண்கள் உள்ளன. நம் வேலூர் மக்களவை உறுப்பினரிடம் நிலைக்குழு அறிக்கையைக் குறித்துக் கேட்கலாம். சிறைத்துறை மானியக் கோரிக்கை வரும்போது சிறை மருத்துவர் பணியிடங்களைப் பற்றிப் பேசும்படி ஆம்பூர் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதலாம்.

ஆகஸ்டு மாதம் இரண்டாம் ஞாயிறை இந்தியத் திருச்சபை சிறைப்பணி ஞாயிறாகக் கொண்டாடுகிறது. 1941-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் மற்றொரு கைதிக்காகத் தன்னுயிரை ஈந்த புனித மாக்சிமிலியன் கோல்பேயின் திருநாளை ஒட்டி அது வருகிறது. அந்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் அன்பியத்தில் ஒருவருடைய மகனோ கணவரோ சிறையில் இருந்தால், இந்த வாரமே அந்த வீட்டுக்குச் சென்று, அவருக்கு என்ன நோய், என்ன மருந்து, வழக்கறிஞர் யார் என்று கேளுங்கள். அந்தக் குடும்பம் யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருக்கும் பாரத்தை இறக்கி வைக்க, அப்படி ஒருவர் வந்து கேட்பதே பெரும் உதவியாகும்.