வினவுவோரும் தீர்ப்பளிப்போரும்: இணைய உரையாடலின் முன்வரலாறு

சென்ற மாதம் பாண்டுப்பில் என் அறையிலேயே ஓர் இணைய உரையாடலைப் பதிவு செய்தேன். விருந்தினர் இப்பகுதித் தொழிற்சாலையொன்றில் முப்பதாண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற திருநெல்வேலிப் பெரியவர். மும்பைத் தமிழரின் திரைப்பட ரசனையே பேசுபொருள். மாட்டுங்கா அரோரா திரையரங்குக்குச் சென்ற ஞாயிற்றுக்கிழமைகளை அவர் நினைவுகூர்ந்தார். பதிவைத் திரும்பக் கேட்டபோது எனக்கு நாணமாக இருந்தது. அவர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் நான் புகுந்து முடிவுரை வழங்கியிருந்தேன். இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே இக்குறிப்புக்குக் காரணம்.

விடை பட்டிமன்றத்தில் இருக்கிறது என்று எண்ணுகிறேன். பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. மகத மன்னன் சோழனுக்கு அளித்ததாக அது குறிக்கப்படுகிறது. மணிமேகலையில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், சமயவாதிகள் அம்மண்டபத்தின் முறை அறிந்து ஏற வேண்டும் என்கிறான். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுமாறு ஊராரையும் கேட்டுக்கொள்கிறான். இன்றைய காணொளிகளின் கீழ்ப் பதியப்படும் வசைகளைப் படிப்போர்க்கு அவ்வறிவிப்பு நினைவுக்கு வராமற் போகாது.

நாம் அறிந்த பட்டிமன்றம் இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழாவும், குன்றக்குடி அடிகளார் நடுவராக வீற்றிருந்த மேடைகளும் அதற்கு உருக்கொடுத்தன. மதுரை அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியர் சாலமன் பாப்பையா அதை இலக்கியத்திலிருந்து குடும்பத்துக்கும், மேடையிலிருந்து பண்டிகைக் காலைத் தொலைக்காட்சிக்கும் கொண்டுசென்றார். அணிகள் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அவை காத்திருந்தது நடுவரின் தீர்ப்புக்காகத்தான். பேச்சின் உரிமை பலருக்கு. முடிவின் உரிமை ஒருவருக்கு.

தொலைக்காட்சி இவ்வமைப்பை மெல்லத் தளர்த்தியது. விசுவின் அரட்டை அரங்கத்தில் பயிற்சி பெற்ற பேச்சாளரின் இடத்துக்குப் பெயரறியாத ஊர்க்காரர்கள் வந்தனர். 2006இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய நீயா நானாவில், மாமியார்களும் மருமகள்களும் எதிரெதிரே அமர, கோபிநாத் நடுவில் நின்றார். தீர்ப்பு ஏறக்குறைய மறைந்தது. சிறந்த பேச்சுக்குப் பரிசு வந்தது. ஆயினும் இறுதியில் நாம் எதிர்பார்ப்பது கோபிநாத் என்ன சொல்வார் என்பதையே. நடுவர் எழுந்து நின்றுகொண்டார், அவ்வளவுதான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவுக் கட்டணம் சரிந்த பிறகு, ஒலிவாங்கியும் கைப்பேசியும் உள்ள எவரும் தொகுப்பாளராகலாம் என்றாயிற்று. நேர வரம்பும் இல்லை. பண்பாடு, ஊடகம், மனித நடத்தை பற்றி இரண்டு மணி நேரம் பேசலாம். ஆனால் கல்யாண் மின்தொடர் வண்டியில் பக்கத்து இருக்கைக்காரர் காண்பது அவ்வுரையாடலின் நாற்பது நொடித் துணுக்கையே. துணுக்குக்கு வேண்டியது தீர்ப்பு போன்ற ஒரு வாக்கியம். ஆகவே பழைய நடுவர் புதிய வாசல் வழியே திரும்பிவிட்டார்.

தமிழில் வேறொரு மரபும் உண்டு. அதை நாம் போதிய அளவு பேசவில்லை. வஞ்சி நகரில் மாதவர் வேடம் பூண்ட மணிமேகலை, வைதிகர், சைவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர் என ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைச் சொல்லக் கேட்கிறாள். ஒருவர் முடிக்கும்வரை மற்றவரிடம் செல்வதில்லை. இறுதியில் பூதவாதியிடம் மட்டுமே எதிர்வாதம் புரிகிறாள். காண்பதை மட்டுமே ஏற்பாயெனில் உன் பெற்றோரை எவ்வாறு அறிந்தாய் என்பது அவள் கேள்வி. பௌத்தத்தை நிறுவ எழுந்த காப்பியம் என்பதால் அக்கேள்விகள் நடுநிலையானவை என்று கொள்ள இயலாது. எனினும் பிறர் கொள்கை முழுமையாக வெளிப்பட இடம் தரும் பொறுமை அதில் இருக்கிறது. 1959 முதல் 1962 வரை பிபிசியின் ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ நிகழ்ச்சியை நடத்திய ஜான் ஃப்ரீமன் திரையில் பெரும்பாலும் முகமே காட்டவில்லை. கேமரா விருந்தினரின் முகத்திலேயே நின்றது. அவரை வியக்கும் ஊடகத்துறை மாணவர்கள் வஞ்சிக் காதையையும் ஒருமுறை படிக்கலாம்.

பெரியவர் வரும் ஞாயிறு மீண்டும் வர இசைந்திருக்கிறார். முதல் பதிவை அழித்துவிடவா என்று கேட்டேன். “வேண்டாம் தம்பி, இருக்கட்டும். நீங்க பேசினதும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். இம்முறை ஏழு வினாக்களைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.