கிதார் மிகைப்பி உருவகி

கிதார் மிகைப்பி உருவகி என்பது மின்கிதாருக்கான மிகைப்பி, ஒலிபெருக்கிப் பெட்டி, ஒலிவாங்கி, விளைவுக் கருவிகள் ஆகியவற்றின் ஒலி இயல்புகளைக் கணிப்பு முறையில் போலச்செய்யும் எண்ணிமக் கருவியாகும். இசைக்கலைஞர்கள் பேச்சு வழக்கில் இதனை ஆம்ப் மாடலர் என்பர். மேசைமேல் வைக்கும் சிறு பெட்டி, காலால் இயக்கும் மிதிபலகை, கணினி மென்பொருள் எனப் பல வடிவங்களில் இது கிடைக்கின்றது.

பின்னணி

மின்கிதாரின் கம்பி அதிர்வதை, காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப் என்னும் உணரி சிறிய மின்குறிகையாக மாற்றுகின்றது. மிகைப்பி அதனைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றது. ஆயினும் மிகைப்பி வெறுமனே உரப்பைக் கூட்டும் கருவி அன்று. இசைக்கருவியின் மறுபாதி என்றே கூறலாம்.

அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன், இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி30, பாஸ்மேனின் மின்சுற்றைப் பின்பற்றி 1960களின் தொடக்கத்தில் உருவான மார்ஷல் ஜேடிஎம்45 ஆகிய புகழ்பெற்ற மிகைப்பிகள் யாவும் வால்வு என வழங்கும் வெற்றிடக் குழல்களால் இயங்கியவை. வால்வை அதன் எல்லையைத் தாண்டி இயக்கினால் அலையின் முகடுகள் மழுங்குகின்றன. மூலக் குறிகையில் இல்லாத மேற்சுரங்கள் தோன்றுகின்றன. இதுவே திரிபு எனப்படும். பொறியாளர்கள் குறையாகக் கருதிய திரிபை, புளூஸ், ராக் இசைக்கலைஞர்கள் தமக்குரிய குரலாக ஏற்றுக்கொண்டனர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இத்திரிபின் ஒரு பகுதி மிகைப்பியின் திறன் நிலையில் தோன்றுவதால், அதைப் பெற மிகைப்பியை மிகுந்த உரப்புடன் இயக்க வேண்டும். குடியிருப்புகளில் இது இயலாது. நெடுநேரம் கேட்டால் செவித்திறனும் கெடும். இரு ஒலிபெருக்கிகள் கொண்ட ஏசி30 போன்ற மிகைப்பி 30 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. குறைந்த உரப்பில் அதே ஒலியைப் பெறும் தேவையே உருவகிகளின் தோற்றத்திற்கு அடிப்படையாகும்.

வரலாறு

முதல் முயற்சிகள் எண்ணிம முறையில் அமையவில்லை. பாஸ்டன் இசைக்குழுவின் கிதார் கலைஞரும் பொறியாளருமான டாம் சோல்ஸ் 1982இல் ராக்மேன் என்னும் சிறு காதணி மிகைப்பியை வெளியிட்டார். 1989இல் டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் வந்தது. இவ்விரண்டும் ஒப்புமை மின்சுற்றுகளால் மிகைப்பியின் ஒலியைப் போலச்செய்தன.

1995இல் ரோலண்ட் நிறுவனம் விஜி-8 என்ற கருவியை வெளியிட்டது. ஒவ்வொரு கம்பிக்கும் தனி உணரியைப் பயன்படுத்திய இக்கருவி, மிகைப்பிகளுடன் கிதார் வகைகளையும் எண்ணிம முறையில் உருவகித்தது. 1996இல் லைன் 6 நிறுவனம் ஆக்ஸிஸ் 212 என்னும் உருவக மிகைப்பியை வெளியிட்டது. அந்நிறுவனம் 1998இல் வெளியிட்ட, அவரைவிதை வடிவிலான பாட் என்னும் சிவப்பு நிறக் கருவி இத்தொழில்நுட்பத்தை வீட்டு ஒலிப்பதிவாளரிடம் கொண்டு சேர்த்தது.

2006இல் ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் கெம்பர் நிறுவனத்தின் புரொஃபைலர், 2015இல் லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் ஆகியவை அறிமுகமாயின. 2013 டிசம்பரில் மெட்டாலிக்கா குழு அண்டார்க்டிக்காவில் நிகழ்த்திய கச்சேரியில் மேடை ஒலிபெருக்கிகள் இல்லை. குழுவினர் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் கருவிகள் வழியே வாசிக்க, அவையோர் காதணிகளில் கேட்டனர்.

செயற்படும் முறை

கிதாரின் குறிகை முதலில் எண்களாக மாற்றப்படுகின்றது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுப்பது பொதுவான வழக்கம். பின்னர் குறிகைச் செயலி அவ்வெண்களைப் பின்வரும் வழிகளுள் ஒன்றினாலோ பலவற்றாலோ மாற்றுகின்றது.

மின்சுற்று உருவகம்: மூல மிகைப்பியின் வால்வு, மின்தடை, மின்தேக்கி ஆகியவற்றின் நடத்தை சமன்பாடுகளாக எழுதப்பட்டு நிகழ்நேரத்தில் தீர்க்கப்படுகின்றது.

அளவீட்டு உருவகம்: மிகைப்பிக்குள் சோதனைக் குறிகைகளை அனுப்பி, வெளிவரும் ஒலியைக் கொண்டு அதன் இயல்பு பதிவு செய்யப்படுகின்றது. கெம்பர் கருவி இவ்வகையானது.

நரம்பணு வலையமைப்பு: உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒப்பிட்டுக் கணினி தானே கற்றுக்கொள்கின்றது. நியூரல் ஆம்ப் மாடலர் என்னும் திறமூல மென்பொருள் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

ஒலிபெருக்கிப் பெட்டி பெரும்பாலும் தனியாக உருவகிக்கப்படுகின்றது. மிகக் குறுகிய ஒலித்துடிப்பு ஒன்றுக்குப் பெட்டியும் ஒலிவாங்கியும் காட்டும் துலங்கல் பதிவு செய்யப்பட்டுக் குறிகையுடன் கணித முறையில் இணைக்கப்படுகின்றது. கிதார் ஒலிபெருக்கிகள் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியை வெகுவாகக் குறைப்பவை. இவ்வுருவகம் இல்லாமல் திரிந்த ஒலியை நேரே கேட்டால் வண்டின் இரைச்சல் போல் இருக்கும்.

மடிப்புப் பிழை

திரிபு எல்லையற்ற மேற்சுரங்களைத் தோற்றுவிக்க வல்லது; எண்ணிம முறையோ மாதிரி வீதத்தின் பாதி வரையுள்ள அதிர்வெண்களை மட்டுமே ஏற்கும். 48 கிலோஹெர்ட்சு வீதத்தில் அவ்வெல்லை 24 கிலோஹெர்ட்சு ஆகும். 5 கிலோஹெர்ட்சு அலையின் ஒன்பதாம் மடங்கான 45 கிலோஹெர்ட்சு அங்கே இடமின்றி மடிந்து, 3 கிலோஹெர்ட்சாகக் காதில் விழும். இது மூலச் சுரத்தோடு இயையாத அபசுரமாகும். இதனைத் தவிர்க்க, திரிபைக் கணிக்கும்போது மட்டும் மாதிரி வீதம் பல மடங்கு உயர்த்தப்படுகின்றது. மலிவான கருவிகளுக்கும் உயர்தரக் கருவிகளுக்கும் இடையிலான வேறுபாட்டில் இதற்குப் பங்குண்டு.

கருவியைச் சோதித்தல்

கருவி ஒன்றைத் தெரிவு செய்வோர் ஆலை அமைப்புகளை மட்டும் கேட்டு முடிவு செய்தல் தகாது. எதிரொலியும் எதிர்முழக்கமும் நிறைந்த அவ்வமைப்புகள் அடிப்படை ஒலியின் குறைகளை மறைக்கக்கூடும். பின்வரும் சோதனைகள் பயன் தருவன.

1. கிதாரைக் கிதாருக்குரிய உள்ளீட்டிலேயே இணைக்க வேண்டும். அதன் மின்மறுப்பு வழக்கமாக 1 மெகாஓம் அளவில் இருக்கும். குறைந்த மின்மறுப்புள்ள உள்ளீட்டில் உயர் அதிர்வெண்கள் மங்கிவிடும்.

2. எல்லா விளைவுகளையும் நிறுத்தி, மிகைப்பியையும் பெட்டியையும் மட்டும் கேட்க வேண்டும்.

3. மிதமான திரிபில் மென்மையாகவும் வலுவாகவும் மீட்டிப் பார்க்கலாம். கிதாரின் உரப்புத் திருகைக் குறைத்தால் நல்ல வால்வு மிகைப்பியில் திரிபு படிப்படியாகத் தெளியும். உருவகியும் அவ்வாறே துலங்க வேண்டும்.

4. ஒரு சுரத்தை மீட்டி அது முற்றிலும் அடங்கும் வரை கேட்க வேண்டும். தேய்வு சீராக இருத்தல் நன்று.

5. மிகுந்த திரிபில் முதற்கம்பியின் உயர்ந்த கட்டைகளில் கம்பியை வளைத்துச் சுரத்தை உயர்த்தலாம். சுரம் ஏறும்போது அடியில் வேறொரு ஒலி இறங்கினால் அது மடிப்புப் பிழையின் அறிகுறியாகும்.

6. விரைவான தாளத்தில் வாசித்துக் காலத்தாழ்வை உணரலாம். ஒலி காற்றில் ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்லும். மிகைப்பியிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் ஏறத்தாழ 9 மில்லிநொடித் தாழ்வு உண்டு. எனவே சில மில்லிநொடிகள் பெரிய குறையல்ல.

7. இரு கருவிகளை ஒப்பிடுகையில் உரப்பைச் சமப்படுத்த வேண்டும். சற்றே உரத்த ஒலி சிறந்ததாகத் தோன்றுவது மனிதச் செவியின் இயல்பு.

குறைந்த உரப்பில் அமைத்த ஒலி மேடையில் மாறித் தோன்றும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. உரப்புக் கூடும்போது தாழ் அதிர்வெண்கள் செவிக்கு மிகுதியாகப் புலப்படும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் ஆகியோர் 1933இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கச்சேரிக்கான அமைப்புகளைக் கச்சேரி உரப்பிலேயே சரிபார்க்க வேண்டும்.

வெளியீட்டு இணைப்பு

காதணி, ஒலிப்பதிவுக் கணினி, மேடை ஒலி அமைப்பு ஆகியவற்றுடன் இணைக்கும்போது பெட்டி உருவகம் இயக்கத்தில் இருத்தல் வேண்டும். வழக்கமான கிதார் மிகைப்பியுடனும் பெட்டியுடனும் இணைக்கும்போது அதனை நிறுத்திவிட வேண்டும். இல்லையெனில் ஒலி இருமுறை வடிகட்டப்பட்டு மந்தமாகும். கருவி சரியில்லை என்று புதியவர்கள் எண்ணுவதற்கு இவ்விணைப்புப் பிழை ஒரு பொதுவான காரணமாகும்.

மதிப்பீடு

ஒலிப்பதிவில் கேட்கும்போது, தேர்ந்த செவியினரும் மூல மிகைப்பியையும் நல்ல உருவகியையும் பிரித்தறியத் தடுமாறுவதுண்டு. ஆனால் வாசிப்பவரின் பட்டறிவு வேறு. உரத்த ஒலிபெருக்கியின் காற்றதிர்வு கிதாரின் கம்பியை மீண்டும் அதிரச் செய்து சுரத்தை நீட்டிக்கும். காதணியில் இது நிகழாது. மேலும், வால்வு மிகைப்பியைப் பல்லாண்டுகளுக்குப் பின்னரும் பழுதுபார்க்க இயலும். எண்ணிமக் கருவியின் வாழ்நாளோ சில்லுகளையும் மென்பொருள் ஆதரவையும் பொறுத்தது.

மற்றொரு புறம், பல மிகைப்பிகளின் குரல்களை ஒரே கருவியில் அடக்கி, அயலாருக்கு இடையூறின்றி இரவிலும் பயில உருவகி வழிசெய்கின்றது. விலையுயர்ந்த மூல மிகைப்பிகளை நெருங்க இயலாத மாணவர்களுக்கு அவற்றின் ஒலியை அறியும் வாய்ப்பை இது தந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

மின்கிதார்
வெற்றிடக் குழல்
எண்ணிமக் குறிகைச் செயலாக்கம்
எதிர்முழக்கம்