கண்டியில் குளிர்ந்த கணினி கிளிநொச்சியில் ஏன் திணறுகிறது?

கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியை எம்மவர்கள் பெரும்பாலும் யுத்தத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள். இன்று அதே வீதியால்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் வன்னிப் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு போய் வருகிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கிக் கொடுப்பதே பெரும்பாடாக இருக்கும் குடும்பங்களில், போர்டிங் அறைக்கும் வீட்டுக்கும் ஒன்றுதான் கட்டுப்படியாகும். அந்த ஒன்று பயணப் பைக்குள் அடங்கும் சிறிய மேசைக் கணினியாக இருக்கலாமா? இருக்கலாம். ஆனால் அதைக் கண்டியின் குளிரை நம்பித் தெரிவு செய்யக்கூடாது.

மடிக்கணினி இருக்க இது எதற்கு என்று கேட்பது நியாயம். 2022 மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அவ்வருடம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அதன் பின்னர் புதிய மடிக்கணினி பலருக்கு எட்டாக்கனி. பாவித்த மடிக்கணினி வாங்கினால் பற்றரி செத்திருக்கும், திரையின் பிணைச்சல் தளர்ந்திருக்கும், ஒரு விசைப்பலகை மாற்றவே பெருஞ்செலவாகும். சிறிய மேசைக் கணினியில் பெட்டி மட்டுமே பயணம் செய்கிறது. போர்டிங்கில் ஒரு பழைய மொனிற்றர், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தொலைக்காட்சி. இரண்டிலும் எச்டிஎம்ஐ வயரைச் செருகினால் போதும். பழுதானால் பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம்.

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, அலுவலகங்கள் கழித்துவிடும் ஒரு லீற்றர் பெட்டிகள்: டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்சென்டர் ரைனி போன்றவை. ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் சதுரம், மூன்றரை சென்ரிமீற்றர் தடிப்பு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. இன்டெல்லைப் பொறுத்தவரை எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளை விண்டோஸ் 11 உத்தியோகபூர்வமாக ஏற்பதில்லை. எனவே ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளை விண்டோஸுக்காக வாங்குவது வீண்; லினக்ஸ் போடுபவருக்கு அவை இன்னும் நல்ல பெட்டிகள்தான். இரண்டாவது, இன்டெல் என்100 போன்ற 6 வாற்றுச் செயலியோடு வரும் புதிய குட்டிப் பெட்டிகள். எழுத்து வேலை, இணைய வகுப்பு, சாதாரண நிரலாக்கம் ஆகியவற்றுக்கு இது தாராளம். மூன்றாவது, நாமே பாகம் வாங்கிக் கட்டுவது: 17 சென்ரிமீற்றர் சதுரமான மினி ஐரிஎக்ஸ் மதர்போட், அல்லது அஸ்ரொக் டெஸ்க்மினி போன்ற அரைகுறையாகக் கட்டப்பட்டு வரும் பெட்டி. பொறியியல் மாணவர்களின் கண் இந்த மூன்றாவதில்தான் விழும். வெப்பத்தில் பிழைவிடுவதும் இங்கேதான் அதிகம்.

காரணம் எளிது. ஒரு குறிப்பிட்ட வேலைப்பளுவில் செயலி எப்போதும் அறையின் வெப்பநிலையைவிட இத்தனை பாகை கூடுதலாக இருக்கும்; அந்த இடைவெளி ஏறத்தாழ மாறாது. மாறுவது அறைதான்.

கணக்குக்காக ஓர் உதாரணம். ரைசன் 5 5600ஜி செயலி 65 வாற்று. உயரம் குறைந்த குளிர்ப்பான் ஒன்று அதை 50 பாகை கூடுதலில் நிறுத்துகிறது என்றும், சின்னப் பெட்டிக்குள் தேங்கும் சூடு இன்னும் 10 பாகை சேர்க்கிறது என்றும் கொள்வோம். பேராதனையில் 25 பாகை அறையில் செயலி 85 பாகையில் நிற்கும். எந்தக் குறையும் தெரியாது. அதையே தகரக் கூரையின் கீழ், 36 பாகை பிற்பகலில் கிளிநொச்சியில் ஓட்டினால் 96 பாகை. அந்தச் செயலியின் உச்ச வரம்பு 95 பாகை. அதற்கு மேல் போகாமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிள்ளை வைரஸ் என்று நினைப்பாள், கடைக்காரர் ரேம் போதாது என்பார். உண்மையில் கணினிக்கு மூச்சு முட்டுகிறது.

இதற்கு மருந்து பெரிய விசிறி அல்ல, குறைந்த வாற்று. மேற்சொன்ன செயலியை பயோஸ் அமைப்பில் 45 வாற்றுக்குக் கட்டுப்படுத்தலாம். அதே கணக்கில் 60 பாகை இடைவெளி ஏறத்தாழ 42 ஆகிறது. கிளிநொச்சியிலும் 78 பாகைதான். வாற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் வேகம் அந்த அளவுக்குக் குறையாது, ஏனெனில் கடைசிச் சிறு வேகத்துக்காகவே செயலிகள் அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கின்றன. இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'ரி' எழுத்து உள்ளவை 35 வாற்றுச் செயலிகள். ஆறு கருக்கள் கொண்ட ஐ5 8500ரி இந்தத் தேவைக்கு நல்ல தெரிவு. அது விண்டோஸ் 11ஐயும் ஏற்கும்.

குளிர்ப்பான் வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது உயரம். டெஸ்க்மினி எக்ஸ்300 பெட்டிக்குள் 46 மில்லிமீற்றர் வரைதான் இடமுண்டு. நொக்டுவா என்எச் எல்9ஏ விசிறியோடு சேர்த்தே 37 மில்லிமீற்றர் என்பதால் அடங்கும். கோபுரம் போன்ற உயர்ந்த குளிர்ப்பான்கள் பெரிய பெட்டிக்கு நல்லவைதான். ஆனால் எட்டு மணித்தியால பஸ் குலுக்கலில் அவற்றின் பாரம் முழுவதையும் மதர்போட்தான் தாங்கும். தனி கிராபிக்ஸ் கார்ட் பற்றியும் கேட்பார்கள். இந்தப் பைக்கு அது வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பெட்டியின் அளவையும் மின் தேவையையும் அது பல மடங்காக்கிவிடும்.

செயலியை மட்டும் பார்த்துவிட்டு எம்.2 எஸ்எஸ்டியை மறந்துவிடுகிறோம். அது பெரும்பாலும் காற்றுப் படாத மூலையில், சில பெட்டிகளில் மதர்போட்டின் அடிப்புறத்தில் இருக்கும். 70, 80 பாகையில் அதுவும் மெதுவாகும். எஸ்எஸ்டிக்கும் பெட்டியின் உலோக மூடிக்கும் இடையில் ஒரு வெப்பத் திண்டு வைத்தால் மூடியே குளிர்ப்பானாக வேலை செய்யும். அடிப்பக்கத்தால் காற்று இழுக்கும் பெட்டியானால் நான்கு போத்தல் மூடிகளின் மேல் தூக்கி வையுங்கள். தொலைக்காட்சி அலுமாரிக்குள் தள்ளிவைத்தால் தான் கக்கிய சூட்டையே அது திரும்பவும் உள்ளிழுக்கும்.

கண்டிக்கென்று வேறு தொல்லைகள் உண்டு. மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல் கிடக்கும் நகரம், வாகனப் புகை எளிதில் கலையாது. கலஹா, புசல்லாவை பக்கத்து லயன் அறைகளில் விறகடுப்புப் புகையும் சேர்கிறது. புகையும் தூசியும் மலையக ஈரப்பதத்தில் குழைந்து குளிர்ப்பானின் தகடுகளுக்கு இடையில் பசை போல் ஒட்டும். ஊதினால் போகாது, கழற்றித் தூரிகையால் எடுக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் நல்லது. நுளம்பு வலைத் துணியைக் காற்றுத் துளையில் ஒட்டுவோர் அதை மாதம் ஒருமுறை கழுவாவிட்டால் ஒட்டாமலிருப்பதே மேல். பல்லி இன்னொரு பிரச்சினை. பெரிய பவர் சப்ளைக்குள் சூடு தேடிப் புகுந்து, தானும் எரிந்து கணினியையும் எரித்த பல்லியை என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். வெளியே தனி அடப்டர் உள்ள சிறு பெட்டிகளில் இந்த ஆபத்துக் குறைவு.

மின்வெட்டுக்கும் வருவோம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத வடக்கில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சாதாரண 650 விஏ யுபிஎஸ்ஸில் இருப்பது பொதுவாக ஒரு 12 வோல்ற், 7 அம்பியர் மணி பற்றரி. பெருக்கினால் 84 வாற்று மணி. கையில் கிடைப்பது ஏறத்தாழ அதில் பாதி. சிறு பெட்டியும் மொனிற்றரும் சாதாரண வேலையில் 45 வாற்று எடுத்தால் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். கிராபிக்ஸ் கார்ட் உள்ள பெரிய கணினிக்கு அதே யுபிஎஸ் பத்து நிமிடம் கொடுத்தாலே அதிகம்.

பாவித்த பெட்டியை வாங்கும்போது, கடையிலேயே இருபது நிமிடம் முழுப்பளுவில் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் எச்டபிள்யூ இன்ஃபோ, லினக்ஸில் சென்சர்ஸ் ஆகியன வெப்பநிலையைக் காட்டும். கண்டிக் கடையில் 75 பாகையைத் தாண்டாவிட்டால் வன்னி வெயிலுக்கும் பின்னர் சேரும் தூசிக்கும் இடமிருக்கிறது என்று கொள்ளலாம். 85ஐத் தொட்டால் முதலில் தெர்மல் பேஸ்டைச் சந்தேகியுங்கள். பல வருடம் ஓடிய பெட்டியில் அது காய்ந்து போயிருக்கும். பழையதைத் துடைத்துவிட்டு ஒரு பச்சைப்பயறு அளவு புதிதாக வைத்தாலே சில பாகைகள் இறங்கும். சூடு குறைவாக இருந்தும் கணினி மந்தமாக இருந்தால் அடப்டரைப் பாருங்கள். டெல் பெட்டிகள் தமது அடப்டரை அடையாளம் காணாவிட்டால் செயலியின் வேகத்தைக் குறைத்துவிடும். மலிவு அடப்டரோடு விற்கப்படும் பெட்டிகளில் இதைக் கவனிக்காமல் விடுவோர் பலர்.

கொண்டுபோகும்போது பெட்டியைத் துவாயில் சுற்றி, உடுப்புகளுக்கு நடுவில் வையுங்கள். குளிரூட்டிய பஸ்ஸில் பல மணித்தியாலம் குளிர்ந்த உலோகம் கிளிநொச்சியின் ஈரச் சூட்டில் இறங்கியதும், குளிர்ந்த போத்தல் போல வியர்க்கும். வீடு போனதும் ஒரு மணித்தியாலம் பையைத் திறந்து வைத்திருந்து, அதன் பிறகே மின்சாரம் கொடுங்கள்.